அலாஸ்கா கப்பல் பயணத்தில் எந்தப் பக்கத்து அறையை எடுப்பது? முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

அலாஸ்காவின் உள்கடல் வழியில் முதன்முறையாகக் குரூஸ் கப்பலில் செல்ல நினைப்பவர்கள், தேதியையும் கட்டணத்தையும் ஒருவாறு முடிவுசெய்த பிறகு வந்து நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா? சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடாவின் வான்கூவரில் ஏறி வடக்கே அலாஸ்காவின் விட்டியர் அல்லது சூவர்ட் துறைமுகத்தில் இறங்கும் ஒருவழிப் பயணமானால் வலப்பக்கம். அங்கே ஏறித் தெற்கே வான்கூவருக்கு வருவதானால் இடப்பக்கம். புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வரும் சுற்றுப் பயணமானால் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் இந்த விடையை மட்டும் நம்பிப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். எந்தப் பக்கம் என்பது, என் கணிப்பில், மூன்றாவதாக எடுக்க வேண்டிய முடிவு. கப்பல் எந்த வழியாகப் போகிறது என்பது முதலாவது. பனியாறுகளின் முன்னால் கப்பல் நிற்கும் நாளில் நீங்கள் எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் தீர்மானித்துவிட்டால் மூன்றாவது தானாகவே எளிதாகிவிடும்.

முதல் படி: வழித்தடத்தை வரைபடத்தில் பாருங்கள்

அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதியின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், கிழக்கே பனி மூடிய மலைத்தொடரோடு கூடிய பெருநிலமும், மேற்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட அலெக்சாந்தர் தீவுக்கூட்டமும், இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நீர்வழிகளும் தெரியும். வான்கூவரிலிருந்து புறப்படும் கப்பல் வடமேற்கு நோக்கிச் செல்வதால், பெருநிலம் பயணம் முழுவதும் அதன் வலப்பக்கத்திலேயே இருக்கும். வடக்கே போகும்போது வலம், தெற்கே வரும்போது இடம் என்று அனைவரும் சொல்லும் விதி இதிலிருந்து வந்ததுதான்.

இந்த விதி உண்மையில் பலிக்கும் இடம் தீவுகளுக்கு நடுவே உள்ள நீர்வழி அன்று. அங்கே இரு கரையும் அழகாகவே இருக்கும். தீவுக்கூட்டத்தை விட்டு வெளியேறி அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலைக் கடக்கும் அந்த ஒரு பகலில்தான் பக்கம் என்பது பொருட்படுத்த வேண்டிய ஒன்றாகிறது. வானம் தெளிந்திருந்தால், வடக்கு நோக்கிப் போகும் கப்பலின் வலப்பக்கத்தில் 4,671 மீட்டர் உயரமுள்ள ஃபேர்வெதர் சிகரமும், அதற்கு அப்பால் 5,489 மீட்டர் உயரமுள்ள செயின்ட் இலையாஸ் சிகரமும் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்பதுபோல் தெரியும். இடப்பக்கத்தில் பசிபிக் பெருங்கடலைத் தவிர வேறொன்றும் இராது. ஆகவே ஒருவழிப் பயணம் செல்பவர், ஒரே விலையில் இரண்டு பக்கமும் கிடைக்கும்போது, இந்த விதியைப் பின்பற்றுவதே சரி. அந்தப் பகுதியில் மேகமும் மழையும் மிகுதி என்பதையும், மலைகள் ஒரு கணமும் முகம் காட்டாத நாட்கள் உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதிருப்பது நல்லது.

சுற்றுப் பயணத்தில் பார்க்க வேண்டியது வேறு. சியாட்டிலில் இருந்து புறப்படும் கப்பல்களில் பெரும்பாலானவை வான்கூவர் தீவின் மேற்குப் புறமாக, திறந்த கடலின் வழியே வடக்கே செல்கின்றன. முதல் பகல் முழுவதும் எந்தப் பக்கத்து பால்கனியில் உட்கார்ந்தாலும் கண்ணுக்கு எட்டுவது பெரும்பாலும் நீர்தான். வான்கூவரிலிருந்து புறப்படும் கப்பலோ தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான குறுகிய வழியாகச் செல்கிறது. அதில் சீமோர் நேரோஸ் என்னும் இடுக்கு வருகிறது. அதன் நடுவே நீருக்கடியில் மறைந்திருந்து பல கப்பல்களை மூழ்கடித்த ரிப்பிள் ராக் என்னும் பாறையை 1958-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றும் நீரோட்டம் தணியும் வேளையைக் கணக்கிட்டுத்தான் பெரிய கப்பல்கள் அதைக் கடக்கின்றன. கரைகளை நெருக்கமாகப் பார்க்க விரும்புபவருக்கு, இடமா வலமா என்பதைவிட, வான்கூவரா சியாட்டிலா என்பதே பெரிய கேள்வி.

இரண்டாம் படி: வெளிச்சம் இருக்கும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பயண நிரலில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வந்துசேரும் நேரமும் புறப்படும் நேரமும் கொடுக்கப்பட்டிருக்கும். குரூஸ் கப்பல்கள் பகலில் துறைமுகத்தில் நின்று இரவில் ஓடுபவை. ஆகவே, வரைபடத்தில் அழகாகத் தெரியும் பல நீர்வழிகளை நீங்கள் உறக்கத்தில் கடந்துவிடுவீர்கள். எந்தெந்த மணிகளில் கப்பல் வெளிச்சத்தில் ஓடுகிறது என்பதை நிரலின் ஓரத்தில் எழுதிப் பாருங்கள். ஜூன் மாதத்தில் ஜூனோ நகரில் காலை நான்கு மணியளவில் சூரியன் எழுந்து இரவு பத்து மணியளவில்தான் மறைகிறது; இரவு உணவுக்குப் பிறகும் மூன்று மணி நேரம் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். செப்டம்பர் இறுதியில் ஏழு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஒரே கப்பல், ஒரே வழித்தடமாக இருந்தாலும், மாதம் மாறினால் அறையின் பால்கனிக்கு இருக்கும் மதிப்பும் மாறிவிடுகிறது.

இப்படிக் குறித்துப் பார்த்தால் பொதுவிதிக்கு விலக்காக நிற்கும் இடங்களும் தெரியவரும். ஸ்காக்வே துறைமுகத்திலிருந்து மாலையில் புறப்படும் கப்பல், லின் கெனால் என்னும் நீண்ட, ஆழமான கடல்நீர்ப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே வருகிறது. தெற்கே வரும்போது இடப்பக்கம் சிறந்தது என்னும் விதியின்படி இடப்புறம் நின்றால் கிழக்கு மலைகள் கிடைக்கும். ஆனால் டேவிட்சன், ரெயின்போ ஆகிய பனியாறுகள் மேற்குக் கரையின் சில்கட் மலைகளில், அதாவது வலப்பக்கத்தில், இருக்கின்றன. கோடைகாலத்து மாலையில் அந்த இரண்டு மணி நேரம் மிகச் சிறந்தது. அறை எந்தப் பக்கம் இருந்தாலும் மேல்தளத்துக்குச் சென்று நின்றுவிடுங்கள்.

ஒளியின் திசையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வடமேற்கு நோக்கிப் போகும் கப்பலில், பிற்பகலுக்கு மேல் சூரியன் இடப்புறமாகச் சாய்கிறது. வலப்பக்கத்தில் இருப்பவருக்கு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்து மலைகளின் மீது விழும். புகைப்படம் எடுப்பவர்கள் விரும்புவது இதைத்தான். இடப்பக்கத்தில் இருப்பவருக்குக் கண் கூசும், கரையோர மலைகள் கருநிழலாகத் தெரியும். ஆனால் இளவெயிலும் அந்தி வானமும் அவருக்கே. கோடையிலும் வெப்பநிலை பெரும்பாலும் பத்து முதல் பதினேழு டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் இடத்தில், பால்கனியில் வெயில் படுவது சிறிய நன்மை அன்று, குறிப்பாக வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு.

மூன்றாம் படி: பனியாற்று நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள்

பயணத்தின் உச்சம் பனியாறுகளைக் காணும் நாள். அந்த நாளில் அறையின் பக்கம் ஏறத்தாழப் பயனற்றுப் போகிறது என்பதைப் புதியவர்கள் புரிந்துகொண்டால், முன்பதிவு நேரத்துக் கவலையில் பாதி நீங்கிவிடும்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்கு மேல் அங்கே அனுமதி இல்லை. காலையில் வளைகுடாவின் வாயிலருகே பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து ஏறிக்கொண்டு, நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டு வருவார்கள். கப்பல் சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே சென்று மார்ஜரி பனியாற்றின் முன்னால் நின்று, போன வழியே திரும்பி வரும். போகும்போது இடப்பக்கத்தில் இருக்கும் ரீட், லாம்ப்ளூ ஆகிய பனியாறுகள் திரும்பும்போது வலப்பக்கத்துக்கு வந்துவிடும். மார்ஜரியின் முகப்பு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமும், நீர்மட்டத்துக்கு மேலே எழுபது மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட பனிச்சுவர். அதன் முன்னால் கப்பல் சுமார் ஒரு மணி நேரம் நின்று, மெல்லத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, இரு பக்கத்தாருக்கும் காட்சி தரும்.

1794-இல் ஜார்ஜ் வான்கூவரின் பயணக் குழு இந்தப் பக்கம் வந்தபோது, இன்று கப்பல் போகும் வளைகுடா ஏறத்தாழ முழுவதும் பனியால் நிறைந்திருந்தது. அதன் பிறகு பனி பின்வாங்கப் பின்வாங்க நிலம் வெளிப்பட்டது. அதனால்தான் வாயிலருகே அடர்ந்த காடும், உள்ளே போகப் போகப் புதர்களும், கடைசியில் வெறும் பாறையும் தெரிகின்றன. உயிரினங்களும் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன. கீழ்ப்பகுதியில் கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கும். சவுத் மார்பிள் தீவின் பாறைகளில் ஸ்டெல்லர் கடற்சிங்கங்கள் படுத்திருக்கும், பஃபின் பறவைகளும் அங்கே கூடு கட்டுகின்றன. உள்ளே போகும்போது வலப்பக்கத்தில் வரும் குளூமி நாப் என்னும் செங்குத்துப் பாறையில் மலையாடுகளைத் தேடலாம். பனிக்கு அருகே மிதக்கும் கட்டிகளின் மீது சீல்கள் ஓய்வெடுக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்னும் கிளைக்குள் மே முதல் ஆகஸ்ட் வரை குரூஸ் கப்பல்கள் நுழையாமல் இருப்பது, அங்கே குட்டி ஈனும் சீல்களுக்காகத்தான்.

எல்லாப் பயண நிரல்களிலும் கிளேசியர் பே இருப்பதில்லை. யாகுடாட் அருகிலுள்ள ஹப்பார்டு பனியாற்றுக்குச் செல்லும் கப்பலில் பக்கவாட்டு அறைகள் இன்னொரு வகையில் தோற்றுப்போகின்றன. சுமார் பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள அதன் முகப்பைக் கப்பல் நேருக்கு நேர் நெருங்குகிறது. எனவே நெருங்கிச் செல்லும் நேரம் முழுவதும் பனியாறு கப்பலின் முன்முனைக்கு எதிரே இருக்கிறது, பக்கவாட்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. ஜூனோவுக்குத் தெற்கே உள்ள டிரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் ஆகிய குறுகிய பள்ளத்தாக்குகளில் இருபுறமும் பாறைச்சுவரும் அருவிகளும் உண்டு. போன வழியே திரும்புவதும் உண்டு. 2025 ஆகஸ்டில் டிரேசி ஆர்மின் உட்பகுதியில் பெரும் நிலச்சரிவு நிகழ்ந்து ஆழிப்பேரலை எழுந்ததால், பழைய நிரல்களில் படித்ததை அப்படியே நம்பாமல், உங்கள் கப்பல் இப்போது எந்தப் பள்ளத்தாக்குக்குச் செல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விட்டியருக்குப் போகும் சில கப்பல்கள் நுழையும் காலேஜ் ஃபியோர்டில் மட்டும், உள்ளே செல்லும்போது இடக்கரையில் பனியாறுகள் வரிசையாக இறங்குகின்றன. வலப்பக்கத்தார் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே பனியாற்று நாளுக்கென நீங்கள் கண்டுவைக்க வேண்டியது அறையை அன்று, நிற்கும் இடத்தை. கப்பலின் தள வரைபடத்தில் முன்முனையில் திறந்த தளம் எங்கே இருக்கிறது, அன்று அதைப் பயணிகளுக்குத் திறந்துவிடுவார்களா, கப்பலைச் சுற்றி நடக்கக்கூடிய தளம் ஒன்று உண்டா என்று பாருங்கள். கப்பலைச் சுற்றி முழுவதுமாக நடக்க முடிந்தால், ஒரு நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விடலாம். அத்தகைய தளமுள்ள கப்பலில் சன்னலில்லாத உள்ளறை எடுப்பது, அது இல்லாத கப்பலில் சரியான பக்கத்து பால்கனி எடுப்பதைவிட மேலானது என்பது என் உறுதியான கருத்து.

நான்காம் படி: திமிங்கிலங்களுக்குப் பக்கம் கிடையாது

உயிரினங்களைப் பார்ப்பதற்காகவே ஒரு பக்கத்தைத் தேர்வு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹம்ப்பேக் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கழித்துவிட்டு, கோடையில் இரை தேடி இங்கே வருகின்றன. ஃபிரடெரிக் சவுண்ட், ஸ்டீஃபன்ஸ் பாசேஜ், ஐசி ஸ்ட்ரெய்ட் ஆகிய நீர்வழிகளில் அவை மிகுதியாகக் காணப்படும் என்று உறுதியாகச் சொல்லலாமே தவிர, கப்பலின் எந்தப் பக்கத்தில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அலாஸ்கா நீர்வழிகளில் கலங்கள் ஹம்ப்பேக் திமிங்கிலத்தை நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே கப்பல் உங்களுக்காகத் திரும்பிக் காட்டும் என்று எதிர்பார்க்கவும் இடமில்லை.

ஒரு பக்கத்துக்குச் சற்றே சாதகமான இடங்கள் இரண்டு உண்டு. ஐசி ஸ்ட்ரெய்ட்டில் சிச்சகாஃப் தீவின் வடமுனையான பாயின்ட் அடால்ஃபஸ் அருகே திமிங்கிலங்கள் கூடுவது வழக்கம். ஜூனோ பக்கமிருந்து மேற்கு நோக்கி கிளேசியர் பேக்குச் செல்லும் கப்பலுக்கு அது இடப்பக்கம், பெரும்பாலும் விடியற்காலை. வான்கூவர் தீவின் வடகிழக்குக் கரையில் உள்ள ராப்சன் பைட், ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் கூழாங்கல் கரையில் உடலை உரசிக்கொள்ள வரும் இடம். 1982 முதல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கிறது. வடக்கே போகும்போது அதுவும் இடப்பக்கம்தான், ஆனால் பல கப்பல்கள் அதை இருட்டிய பிறகே கடக்கின்றன. பெருநிலம் வலப்பக்கம் என்னும் விதி மலைகளுக்குத்தான், விலங்குகளுக்கு அன்று.

பக்கத்தைவிடப் பார்க்கும் பழக்கமே பயன் தரும். கப்பல் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும்போது, ஒரு திமிங்கிலம் உங்கள் பார்வையில் இருப்பது சில நிமிடங்களே. பக்கவாட்டு பால்கனியின் தடுப்புச் சுவர் முன்புறத்தை மறைத்துவிடுவதால், நீங்கள் பார்க்கும்போது அது ஏற்கெனவே பின்னால் நழுவிக்கொண்டிருக்கும். முன்புறத் திறந்த தளத்தில் நிற்பவர், தொலைவில் வெண்புகைபோல் எழும் மூச்சு நீரையும், ஓரிடத்தில் மொய்க்கும் கடற்பறவைகளையும் முன்கூட்டியே கண்டுகொள்வார். எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலர் ஒருவருக்கு ஒன்று வீதம் கொண்டுசெல்லுங்கள். அதைவிடப் பெருக்கம் கூடியவை கப்பலின் அதிர்வில் கையில் நிற்பதில்லை. குடும்பத்துக்கு ஒன்று என்று கொண்டுசென்றால், அது கைமாறி வருவதற்குள் கரையோரத்துக் கரடி காட்டுக்குள் போய்விடும்.

ஐந்தாம் படி: தள வரைபடத்தைப் படித்து அறை எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

முன்முனையை நோக்கி நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். தள வரைபடத்தில் முன்முனை எந்த ஓரத்தில் வரையப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சில நிறுவனங்கள் அதை மேலேயும், சில பக்கவாட்டிலும் வரைகின்றன. அறை எண் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதை வைத்துப் பக்கத்தை ஊகிப்பவர்கள் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த முறை மாறுவதால், ஊகிக்காமல் வரைபடத்திலேயே சரிபாருங்கள்.

அடுத்ததாக, தேர்ந்தெடுத்த அறைக்கு வெளியே என்ன தொங்குகிறது என்று கவனியுங்கள். நடுத்தளங்களில் சில அறைகளின் சன்னலை உயிர்காப்புப் படகுகள் மறைக்கும். அவை மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். நடன அரங்குக்கும் சமையலறைக்கும் நேர்மேலோ நேர்கீழோ உள்ள அறைகளைத் தவிருங்கள். கடல்நோய் வரக்கூடியவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுக்க வேண்டும். அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் ஒருவழிப் பயணத்தில் இது பக்கத்தைவிட முக்கியமானது. முன்முனையில் நேரே பார்க்கும் அறைகள் கவர்ச்சியாகத் தோன்றும், ஆனால் மாலுமிகளின் பார்வைக்கு இடையூறு வராதபடி இரவில் அவற்றின் திரைகளை மூடச் சொல்வார்கள். பின்முனை பால்கனிகள் இரு கரைகளையும் ஒருங்கே காட்டுபவை. குறுகிய நீர்வழிகளில் நீண்ட நேரம் உட்கார்ந்து பார்க்க விரும்புபவர்களுக்கு, விலை ஒத்துவந்தால், நான் பரிந்துரைப்பது இவற்றைத்தான்.

குறைந்த கட்டணத்தில் ‘கேரண்டி’ என்னும் பெயரில் விற்கப்படும் அறைகளில், வகை மட்டுமே உறுதி. எண்ணையும் பக்கத்தையும் நிறுவனமே பின்னர் ஒதுக்கும். சுற்றுப் பயணத்துக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஒருவழிப் பயணத்துக்கு, பக்கம் வேண்டுமென்றால், எண்ணோடு கூடிய அறையையே எடுங்கள். ஏற்கெனவே மறுபக்கத்தில் பதிவு செய்துவிட்டீர்களானால், முழுத் தொகையைச் செலுத்த வேண்டிய இறுதி நாளுக்கு முன் முகவரிடம் பேசிப் பாருங்கள். அதே வகையில் அறை காலியாக இருந்தால் கட்டணமின்றி மாற்றித் தருவது வழக்கத்தில் உண்டு.

கடைசியாக, ஸ்காக்வேயில் இறங்கி ஒயிட் பாஸ் ரயிலில் ஏறுபவர்களுக்கும் இதே கேள்வி வரும். 1898-இல் தொடங்கி 1900-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் குறுகிய பாதை ரயிலில், மலையேறும்போது பள்ளத்தாக்கைக் காட்டுவது இடப்பக்க இருக்கைகள். உச்சியில் இருக்கையின் சாய்மானங்களைத் திருப்பிப் போட்டு, பயணிகளைப் பக்கம் மாறி உட்காரச் சொல்வார்கள். ஆகவே ஏறும்போது இடப்பக்கம் கிடைக்காவிட்டாலும், இறங்கும்போது பள்ளத்தாக்கு உங்கள் பக்கம் வந்துவிடும்.